பிரிவினை என்ற சொல்லும் ஊவாவில் வாழும் நாமும்

மாகாண சபைத் தேர்தல் பற்றியோ புதிய அரசியலமைப்பு பற்றியோ நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம் "பிரிவினை" என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. பொலிஸ், காணி அதிகாரங்களைக் கொடுத்தால் நாடு இரண்டாகிவிடும் என்று தெற்கில் ஒரு மேடை சொல்கிறது. தனிநாடுதான் இறுதித் தீர்வு என்று புலம்பெயர் தேசத்தில் இன்னொரு மேடை சொல்கிறது. இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கிறது. இந்த இரண்டு மேடைகளுக்கும் வெகு தொலைவில், பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் வாழும் தமிழ் பேசும் மக்களைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கான விலையை இங்கே கொடுத்திருக்கிறார்கள். இனியும் கொடுக்க நேரலாம் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

முதலில் எமது நிலையைச் சரியாக விளங்கிக்கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை 8 இலட்சத்துக்குச் சற்று அதிகம். அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானோர் சிங்களவர்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு அண்மித்தவர்கள் மலையகத் தமிழர்கள். முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேர்தான். குருத்தலாவை, சில்மியாபுர போன்ற சில ஊர்களை விட்டால் நாம் நகரங்களிலும் கடைத்தெருக்களிலும் சிதறி வாழ்கிறோம். தோட்ட மக்கள் லயன்களில் வாழ்கிறார்கள். இந்த மாவட்டத்தில் எவராலும் ஒரு கோட்டை வரைந்து "இது எங்கள் நிலம், தனியாகப் போகிறோம்" என்று சொல்ல முடியாது. எவரும் சொன்னதும் இல்லை.

கேட்காதவர்கள் கொடுத்த விலை

1976 மே 14ஆம் திகதி நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் தமிழர்களுக்கான தனிநாட்டைக் கோரியது. அத்தீர்மானத்தை நிறைவேற்றிய தமிழர் விடுதலைக் கூட்டணியின் மூன்று தலைவர்களில் சௌமியமூர்த்தி தொண்டமானும் ஒருவர். ஆனால் அதே தீர்மானத்தின் உள்ளேயே, தனிநாடு என்ற நிலைப்பாட்டில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸுக்கு மாற்றுக் கருத்து உண்டு என்பது பதிவாகியிருக்கிறது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழும் தோட்டத் தொழிலாளர்கள் என்பதே காரணமாகவும் சொல்லப்பட்டது. மலையகம் இதில் சேரவில்லை என்பது முதல் நாளிலேயே எழுத்தில் இருந்தது. 1978இல் தொண்டமான் ஜே.ஆர். ஜயவர்தனவின் அமைச்சரவையிலும் சேர்ந்துகொண்டார்.

அந்த எழுத்து எவரையும் காப்பாற்றவில்லை. 1977 பொதுத் தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களைப் பெற்றது. அடுத்த மாதமே நாட்டில் வன்செயல் வெடித்தது. அதில் அடிபட்டவர்களில் தனிநாட்டுக்கு வாக்களிக்காத தோட்ட மக்களும் இருந்தார்கள். லயன்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பாதுகாப்புத் தேடிப் போன அந்த நிலத்தில்தான் பிற்காலத்தில் முழுப் போரும் நடந்தது.

1983 ஜூலை கலவரம் பதுளைக்கு வந்தது 27ஆம் திகதி. அதுவரை நகரம் அமைதியாகவே இருந்தது. காலையில் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிளுக்குத் தீ வைக்கப்பட்டது. நண்பகலுக்குள் கடைவீதி எரிந்தது. பிறகு வீடுகள். கும்பல் அங்கிருந்து வாகனங்களில் ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை என்று சென்றது. இரவுக்குள் லுணுகலையும் பற்றிக்கொண்டது. திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்கும் பதுளைக் கடைக்காரருக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவகாசமும் இருக்கவில்லை.

2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் புகுந்த கும்பல் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. அவர்கள் அரசின் பொறுப்பில் இருந்தவர்கள். ஆயுதம் இல்லாதவர்கள். சிலருக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இன்றுவரை அந்தக் கொலைகளுக்குத் தண்டனை அனுபவிக்கும் ஒருவரும் இல்லை. "பிரிவினைவாதி" என்ற முத்திரை ஒருவர் மீது விழுந்துவிட்டால் அவருடைய உயிருக்கு என்ன பெறுமதி என்பதை இந்த மாவட்டம் கண்ணால் கண்டது.

வரைபடத்துக்குள் இருந்தவர்களின் கதை

தனிநாட்டு வரைபடத்துக்கு வெளியே இருந்த மலையக மக்களின் கதை அது. உள்ளே இருந்த முஸ்லிம்களின் கதையை எமது வாசகர்களுக்கு விரிவாகச் சொல்லத் தேவையில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஒருவர் விடாமல் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது வெறும் இரண்டு மணித்தியாலம். "தமிழ் பேசும் மக்கள்" என்ற சொல்லுக்குள் நாமும் அடங்குவோம் என்று அதுவரை நம்பியவர்களுக்கு, அந்தச் சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்று அன்று தெரிந்தது.

பிரிந்து போகும் பகுதிக்குள் இருக்கும் சிறுபான்மையின் கேள்வி எமக்கு மட்டும் உரியதல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி பிரிந்து செல்வது பற்றிய வாக்கெடுப்பு நடந்தது. 50.58 சதவீதம் பேர் வேண்டாம் என்றதால் மயிரிழையில் தோற்றது. அதற்கு ஒரு வாரம் முன்பு, அந்த மாகாணத்தின் வடபகுதியில் வாழும் கிரீ பழங்குடியினர் தமக்குள்ளே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். தம்மைக் கேட்காமல் தம் நிலத்தைக் கனடாவிலிருந்து கொண்டுபோக முடியாது என்று 96 சதவீதத்துக்கும் அதிகமானோர் சொன்னார்கள். அவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு வாக்குப்பெட்டி கிடைத்தது. எமக்கு 1990இல் கிடைத்தது ஒலிபெருக்கி அறிவித்தல்.

அதே நேரத்தில் எமது அரசியலையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். தென்கிழக்கு அலகு கேட்டோம். 2003 ஜனவரியில் ஒலுவில் பிரகடனத்தில் முஸ்லிம்கள் தனித்துவமான தேசிய இனம், சுயநிர்ணய உரிமை உண்டு என்று சொன்னோம். அன்றைய சூழலில் கிழக்கு முஸ்லிம்களுக்கு அப்படிச் சொல்ல நியாயம் இருந்தது. ஆனால் இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் கிழக்குக்கு வெளியே வாழ்கிறார்கள். பதுளை முஸ்லிமுக்கு அந்தப் பிரகடனத்தில் என்ன இடம் என்று எவரும் விளக்கவில்லை. வடக்கு மேடை மலையகத் தமிழரை மறந்ததைப் போலவே எமது மேடையும் எம்மை மறந்தது.

குற்றச்சாட்டாக மாறிய சொல்

வாக்குறுதியாக வரும் பிரிவினைப் பேச்சு ஒருபுறம் இருக்க, குற்றச்சாட்டாக வருவது இன்னும் அதிகம். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் சமஷ்டி என்று யாராவது வாய் திறந்தால் "நாட்டைத் துண்டாடுகிறார்கள்" என்று தலைப்புச் செய்தி வருகிறது. குடியியலும் வரலாறும் கற்பிக்கும் எனக்கு வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும் கேள்வி: "சமஷ்டி என்றால் நாடு பிரிகிறதுதானே?" பாடநூலில் அப்படி இல்லை. அது வீட்டிலும் தொலைக்காட்சியிலும் கற்றது.

வரலாறு சொல்வது வேறு. இந்நாட்டுக்கு சமஷ்டி வேண்டும் என்று 1926இல் பத்திரிகையில் எழுதியும் யாழ்ப்பாணத்தில் பேசியும் வந்தவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்க. 1927இல் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சமஷ்டி கேட்டது கண்டியத் தேசிய சபை. கரையோரச் சிங்களவருக்கு ஓர் அலகு, வடக்கு கிழக்குத் தமிழருக்கு ஓர் அலகு, கண்டியருக்கு ஓர் அலகு என்று அவர்கள் கேட்டார்கள். ஊவா பழைய கண்டி இராச்சியத்தின் பகுதி. அப்படியானால் இந்த மண்ணுக்காகச் சுயாட்சியை முதலில் கேட்டவர்கள் சிங்களத் தலைவர்கள். அன்று அதை எவரும் பிரிவினை என்று சொல்லவில்லை. தமிழ்த் தலைவர்கள் பின்னர் அதையே கேட்டபோதுதான் அந்தப் பெயர் வந்தது. 1957 ஜூலையில் செல்வநாயகத்துடன் உடன்படிக்கை செய்த அதே பண்டாரநாயக்க, "நாட்டை விற்கிறார்" என்ற கூச்சலுக்கு அஞ்சி 1958 ஏப்ரலில் அதைக் கைவிட்டார். அந்த உடன்படிக்கையில் இருந்தது பிராந்திய சபைகள்தான். தனிநாடு அல்ல.

முத்திரை குத்துவது எவ்வளவு நிலையற்றது என்பதற்கு ஊவாவை விடச் சிறந்த பாடம் கிடையாது. 1818 ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சியின் தலைவர்களை ஆங்கிலேயர் வர்த்தமானியில் துரோகிகள் என்று அறிவித்தார்கள். கெப்பெட்டிபொல திசாவையின் தலை வெட்டப்பட்டது. அந்த வர்த்தமானியை இலங்கை ஜனாதிபதி ஒருவர் இரத்துச் செய்தது 2016இல். இன்று அவர்கள் தேசிய வீரர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பதுளை எரிந்து 12 நாட்களில், 1983 ஓகஸ்ட் 8ஆம் திகதி, அரசியலமைப்பின் 6ஆவது திருத்தம் நிறைவேறியது. இலங்கைக்குள் தனி அரசு ஒன்றை அமைக்க நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரவளிப்பதை அது குற்றமாக்கியது. அரச சேவையில் சேரும் ஒவ்வொருவரும் அதற்கேற்பச் சத்தியம் செய்ய வேண்டும். ஆசிரியர் நியமனம் பெற்றபோது நானும் அந்தச் சத்தியத்தில் கையொப்பமிட்டேன். அதில் எனக்கு மனக்கசப்பு இல்லை. தனிநாடு வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் வீடுகளை எரித்தவர்கள் எவரும் எந்தச் சத்தியமும் செய்ய வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் மறக்க முடியவில்லை. பாராளுமன்றத்தில் இருந்த கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். பேசக்கூடியவர்கள் வெளியேற, துப்பாக்கி வைத்திருந்தவர்களின் குரலே மிஞ்சியது.

அதே திருத்தத்தின் கீழ், இலங்கைத் தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடுதான் என்று அறிவிக்குமாறு கோரி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. "அரசு" என்ற சொல்லும், கட்சி யாப்பில் இருந்த "சமஷ்டி", "இணைப்பாட்சி" என்ற சொற்களும் என்ன பொருள் தருகின்றன என்பதெல்லாம் அங்கே வாதமாயின. 2017 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒரே நாட்டுக்குள் சமஷ்டி ஆட்சிமுறையைக் கோருவது பிரிவினையைக் கோருவதாகாது என்பதே அதன் சாரம். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் சொன்னது இது. பாடசாலைகளிலும் ஊடகங்களிலும் இந்தத் தீர்ப்பு எத்தனை தடவை பேசப்பட்டது? ஜும்ஆ முடிந்து கடைவாசலில் நின்று அரசியல் பேசும் எம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பாக்கு நீரிணைக்கு அப்பால்

தடைச் சட்டம் மட்டும் போதுமா என்பதற்கு அயலிலேயே உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாடு கேட்டு வந்தது. 1962இல் மாநிலங்களவையில் பேசிய அண்ணாதுரை அதை வெளிப்படையாகவே கேட்டார். 1962 சீனப் போருக்குப் பிறகு அந்தக் கோரிக்கை தணிந்தது. 1963இல் இந்திய அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்க, கட்சியும் அதைக் கைவிட்டது. இதுவரை எமது 6ஆவது திருத்தத்தின் கதைதான். வேறுபாடு அடுத்துதான் வருகிறது. அங்கே 1956இலேயே மொழிவாரி மாநிலங்கள் அமைந்துவிட்டன. 1967இல் அதே கட்சி தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தது. 1969இல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. தனிநாடு கேட்டவர்களிடம் ஒரு மாநிலத்தின் பொறுப்பைக் கொடுத்ததும், அவர்கள் பேச வேண்டியது அரிசி விலையும் பாடசாலையும் என்றாகிவிட்டது. நாம் சட்டத்தை மட்டும் கொண்டுவந்தோம். அதிகாரத்தைக் கொடுக்க 1987 வரை தாமதித்தோம். கொடுத்ததையும் முழுமையாகக் கொடுக்கவில்லை.

ஊவாவுக்கு இதனால் என்ன?

13ஆவது திருத்தம் வடக்குக்கும் கிழக்குக்கும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளடக்கிய 9 மாகாணங்களில் 7 சிங்களப் பெரும்பான்மை மாகாணங்கள். ஊவாவும் அதில் ஒன்று. எமது மாகாணத்தில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். 2019இல் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு மக்கள் தெரிவு செய்த மாகாண சபை ஊவாவில் இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள்.

இதை ஓர் ஆசிரியராகச் சொல்கிறேன். தேசிய பாடசாலைகளை விட்டால் ஊவாவின் பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ளவை. தோட்டப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் இல்லை, தமிழ் மொழிமூல விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால் பெற்றோர் போய்க் கேட்க வேண்டியது மாகாண சபை உறுப்பினரிடம். அப்படியொரு உறுப்பினர் இன்று இல்லை. கேட்டால் மாகாண சபையே தேவையில்லை, அது நாட்டைப் பிரிக்கும் என்று சொல்வோர் இருக்கிறார்கள். பசறையில் ஒரு பிள்ளைக்குக் கணித ஆசிரியர் கிடைப்பதால் நாடு எப்படிப் பிரியும் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

காணி அதிகாரமும் அப்படித்தான். மேடையில் அதைச் சொன்னால் முல்லைத்தீவு ஞாபகம் வருகிறது. ஊவாத் தோட்டங்களில் அதன் பொருள் ஒரு வீட்டுக்கான 7 பேர்ச் அல்லது 10 பேர்ச் நிலம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. அது ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனால் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? அரச நிலம், கம்பனிக்குக் குத்தகை, அதற்கு நடுவில் தொழிலாளி. மாகாணத்துக்குக் காணியில் அதிகாரம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஊவா மாகாண சபையிலும் நாம் சிறுபான்மைதான். ஆனால் கொழும்புக்குப் போய்க் கேட்பதை விடப் பதுளையில் கேட்பது எளிது. அடுத்த தேர்தலில் பதில் சொல்ல வேண்டியவர் கண்ணெதிரே இருப்பார்.

1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அந்த மக்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை. நாடு தன் மக்களை வெட்டி எடுத்து வெளியே அனுப்புவதும் ஒரு பிரிவினைதான். அதற்கு எதிராக எந்தத் திருத்தமும் வரவில்லை.

நாம் செய்யக்கூடியது

எமது சமூகத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. அதிகாரப் பகிர்வு பற்றிப் பேச்சு வந்தால் "அது தமிழர் பிரச்சினை, நாம் வாயை மூடிக்கொண்டு வியாபாரத்தைப் பார்ப்போம்" என்று ஒதுங்குவது. அச்சத்தால் வரும் பழக்கம் அது. பதுளைக் கடைவீதியில் கடை வைத்திருப்பவரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒதுங்கி நின்றதால் முத்திரை எம்மை விட்டுவிட்டதா? அளுத்கமையிலும் திகனையிலும் எரிக்கப்பட்டவர்கள் எந்தப் பிரிவினையும் கேட்கவில்லை.

எனவே எந்த மேடையிலிருந்து இந்தச் சொல் வந்தாலும் மூன்று கேள்விகளை நாம் கேட்கப் பழக வேண்டும். கேட்கப்படுவது சரியாக என்ன அதிகாரம்? அது எந்த எல்லைக்குள்? அந்த எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கும் சிறுபான்மைக்கு என்ன பாதுகாப்பு? கனடாவின் உயர் நீதிமன்றம் 1998இல் கியூபெக் பற்றிச் சொன்னதும் இதையொட்டியதுதான். தன்னிச்சையாக எவரும் பிரிந்து போக முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை விடையளித்தால் பேசியே ஆக வேண்டும் என்றது. அங்கே அச்சமூட்டும் சொல்லைத் தெளிவான கேள்வியாக மாற்றினார்கள். இங்கே தெளிவான கேள்விகளை அச்சமூட்டும் சொல்லாக மாற்றுகிறார்கள்.

மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கள் என்று கேட்பதற்கு ஊவா முஸ்லிமும் மலையகத் தமிழரும் தயங்கத் தேவையில்லை. சபையில் சிதறி வாழும் சமூகங்களுக்கு உறுதியான பிரதிநிதித்துவம் வேண்டும், தமிழ் மொழிமூலக் கல்விக்கு ஒதுக்கீடு வேண்டும், தோட்டக் காணிக்கு உறுதிப்பத்திரம் வேண்டும் என்று ஒன்றாகவே கேட்கலாம். அரசியலமைப்பு வரைபு பற்றிக் கருத்துக் கேட்கும் நாள் வந்தால் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் பதுளையில் ஒரே மேசையில் இருந்து எழுதிக் கொடுக்கலாம். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயிக்கும் அதே மாகாண சபைதான் தேவைப்படுகிறது என்பதையும் அதில் எழுத வேண்டும். அவருடைய பாட்டனாரின் காணியையும் கோப்பிக்கும் தேயிலைக்கும் பறித்தது அதே வெள்ளையர் ஆட்சிதான்.

அப்போதும் யாராவது ஒருவர் எழுந்து "இது பிரிவினை" என்பார். 2017 தீர்ப்பின் பிரதியொன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, பாடசாலைக்குக் கணித ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்போம்.